இடது காதில் மட்டும்

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில் எனக்கு இரவுக் காவல்.
தார்ப்பாய்க்குக் கீழே நாலாயிரத்துச் சொச்சம் மூட்டை,
ஒரு மின்தராசு, ஈரம் பார்க்கும் கருவி,
ஒரு நாய், அதற்கு மூன்று பேர் வைத்த மூன்று பெயர்.
திருத்துறைப்பூண்டி கடைசி வண்டி போனதும்
போனை எடுக்கிறேன்.
இயர்போனில் வலது பக்கம் போன மழையில் செத்துவிட்டது.
ஆகவே எனக்குப் பேய் வருவது
இடது காதில் மட்டும்.

வீடு என்று சொல்ல முடியாது அதை.
பழைய நீரேற்று நிலையம், பனி பெய்யும் ஏதோ நாடு.
மேசையில் பாதி குடித்த கோப்பை.
சுவரில் ஏழு கடிகாரம், ஏழும் வேறு வேறு நேரம்.
கீழே எங்கோ
ஈரத் துணியை இழுத்துக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம்.
நான் நின்றால் அதுவும் நிற்கிறது.

சுமை தூக்கும் பக்கிரிசாமி கேட்டார்:
"பயப்படறதுக்குன்னு காசு குடுத்து வாங்குவியாடா?
பேங்க் நோட்டீஸ் ஒண்ணு வீட்டுல கெடக்கு,
சும்மாவே தரேன், ராத்திரி படிச்சுக்க."
சிரித்தேன். பதில் தெரியவில்லை.
இப்போதும் முழுசாகத் தெரியாது.

பேய்க்காக இல்லை.
பேய் வந்தால் போனைக் கவிழ்த்து
மார்மேல் வைத்துக்கொள்கிறவன் நான்.
வருவதற்கு முந்தின அந்த நேரம் இருக்கிறதே,
இழுப்பறை ஒவ்வொன்றாகத் திறந்து,
காலண்டரில் வட்டமிட்ட தேதியை
படத்தின் முதுகை
செருப்பின் அடியைப்
பார்த்துப் பார்த்து, பார்ப்பதே வேலையாய்.
வேறெங்கும் என்னை இவ்வளவு கவனமாக இருக்க
யாரும் விட்டதில்லை.

தாலுகா ஆபீசில் ஒரு மேசையை உற்றுப் பார்த்தால்
"என்னய்யா வேணும்?"
ஈரக் கருவியை உற்றுப் பார்த்தால்
பத்தொன்பது.
அதன் பின்னால் ஒன்றும் இல்லை.
அங்கே சுவரில் பத்தொன்பது என்று கிறுக்கியிருந்தால்
எங்கேயோ ஒரு பூட்டு
பத்தொன்பதுக்காகவே காத்திருக்கிறது.
நான் எங்கே தடுக்குவேன், எங்கே திரும்பிப் பார்ப்பேன் என்று
எனக்கு முன்னால் அந்த இருட்டில் உட்கார்ந்து
ஒருவர் யோசித்திருக்கிறார்.
பெயர் தெரியாத ஆள்.
என் ஒருவன் பயத்துக்கு இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்.

மூன்றாம் ராத்திரி நிலவறையில் தண்ணீர்.
ஆறு வால்வு. தப்பாகத் திருகினால் நீர் ஏறும்,
நீர் ஏறினால் ஈரத்துணி நெருங்கும்.
மன்னார்குடி பந்தலடியில் போன் கடை வைத்திருக்கும் ஹாஜா
இங்கே ஒரு வாரம் மாட்டிக்கிடந்தானாம்.
எனக்கு நாலு நிமிஷம்.
வடிகாலைத் திறக்காமல் மேல் மதகைத் தொட்டால்
யார் வயல் முழுகும் என்று
கடைமடைக்காரனுக்கா தெரியாது?
வடிந்தது.
கடைசிப் படியில் ஒரு சின்ன ஷூ, இடது கால்.
அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை நான்.

நேற்று ரெண்டு மணி இருக்கும்.
வலது காதில் சத்தம்.
செத்துப்போன காதில்.
ஈரமாக, கனமாக, எதையோ இழுத்துக்கொண்டு.
நின்றேன். அது நிற்கவில்லை.

தூறல் விழுந்திருந்தது.
களத்தில் கொட்டிய தன் நெல்லுக்கு
ஒற்றை ஆளாகத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்
தையல்நாயகி.
ஆறு நாளாக ஈரம் குறையக் காத்திருக்கிறவர்.
மறுமுனையைப் பிடித்தேன். நாலு மூலைக்கும் கல் வைத்தோம்.
மூச்சு இறங்கியதும் கேட்டார்,
"என்னமோ நீலமா எரியுதே, அது என்ன?"

காட்டினேன். பயப்படுவார் என்று நினைத்தேன்.
முந்தானையில் கையைத் துடைத்து
வாங்கி, கண்ணருகே வைத்துக்கொண்டு
வெகுநேரம் பேசவே இல்லை.
பிறகு,
"ஏழு கடியாரத்துல ஒண்ணுதான் ஓடுது.
நீ பாக்கலயா?"

மூன்று ராத்திரி நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தைப் பூட்டில் வைத்தேன்.
கதவு தன்பாட்டுக்கு விலகியது.
உள்ளே இன்னும் இருட்டு, ஒரு மூச்சுச் சத்தம்.
இயர்போனைப் பிடுங்கிவிட்டேன், இருவருக்கும் கேட்கட்டும் என்று.
நாய் எழுந்து காதை விறைத்தது.
"போ," என்றார்.